வாய்க்கால் வழி

எங்கள் அப்பா வெள்ளியங்கிரி, கோவையில் ஒரு பட்டறையில் முப்பது வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினார். எரிந்துபோன கிணற்று மோட்டாரை முகர்ந்து பார்த்தே கோளாறைச் சொல்லிவிடுவார். சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பட்டறை நினைவுக்கு வருவதில்லை. ஒரு வாய்க்கால் மேடுதான் வருகிறது.

அப்பாவின் ஊர் அவிநாசிக்கு வடக்கே இருந்தது. மழையும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை. எங்கள் ஆட்கள் தலைமுறையாக அங்கே பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர்கள். அப்பாவின் அக்கா மாசாணியம்மாள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். வருடம் ஒருமுறை அவரைப் பார்க்க அப்பா, அம்மா, நான் மூவரும் போவோம். ஊர் நிறுத்தத்தில் இறங்கினால் பெரிய வீதி வழியாக ஐந்து நிமிடம். அப்பாவோ எங்களை முந்தின நிறுத்தத்திலேயே இறக்கிவிடுவார். அங்கிருந்து தண்ணீர் வராத வாய்க்கால் மேட்டில் முக்கால் மணி நேர நடை.

"ஏனுங்க, நல்ல ரோடு இருக்கறப்போ இந்த முள்ளுக்குள்ள எதுக்குங்க?" என்பாள் அம்மா.

"காத்தோட்டமா இருக்கும் கோமளா" என்பார். காற்று அடித்து நான் பார்த்ததில்லை.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, தொண்ணூற்று நான்கு சித்திரையில் போயிருந்தோம். அத்தையின் காலில் முள் குத்திச் சீழ் பிடித்திருந்தது. கணுக்கால் வரை வீக்கம், காய்ச்சல் வேறு. அன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்றார் அப்பா. ஒரு மணிக்கு பஸ். விட்டால் ஐந்து மணிக்குத்தான்.

"வாய்க்கால் வழியா தூக்கிட்டுப் போயர்றேன் அக்கா."

"ஏன்டா, வீதிய அடைச்சா வெச்சிருக்குது? நீ இன்னும் அந்தச் செருப்பையே நெனச்சுட்டு இருக்கறயா?" அத்தை என் பக்கம் திரும்பினார். "அந்தக் காலத்துல நம்ம ஆளுக அந்த வீதியில செருப்பக் கழட்டிக் கையில எடுத்துட்டுத்தான் போகோணும், அம்மணி. இப்ப ஆரு கேக்கறா? பனியன் கம்பெனிக்குப் போற நம்ம புள்ளைக எல்லாம் ஹீல்ஸ் செருப்பப் போட்டுட்டு டக்கு டக்குன்னு அதுலதான் போறாளுக. உங்கப்பன் ஒருத்தன்தான் வாய்க்காலுக்குக் காவலு!"

சொல்லிவிட்டு அந்த வலியிலும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. பதினாறு வயதில் ஊரை விட்டவர். கையில் செருப்போடு நடப்பதை நாங்கள் பார்த்துவிடக் கூடாது என்று இத்தனை வருடமும் எங்களைச் சுற்றிக் கூட்டிவந்திருக்கிறார். அந்த வழக்கம் விட்டுப்போனதை அதுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பஸ்ஸுக்கு அரை மணி நேரம்கூட இல்லை, வாய்க்கால் வழியில் போனால் கிடைக்காது. அத்தையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார். வீதி தொடங்கும் வேப்பமரத்தடியில் நின்றார். கால்களை உதறிச் செருப்பைக் கழற்றினார்.

"தூக்கிட்டு நடந்தா வழுக்கும். நீங்க போட்டுட்டே வாங்க."

அவருடைய செருப்பை நான் கையில் எடுத்துக்கொண்டேன். உச்சி வெயிலில் தார் இளகிக் கிடந்தது. பாதி வீதியில் தம்பிதுரை தன் வீட்டு வாசலில் நின்றிருந்தார். தோட்டங்காடு உள்ளவர். மோட்டார் எரிந்தால் பட்டறைக்கு வந்து, "ஏனுங்கண்ணா, பாத்துச் செஞ்சு குடுங்க" என்று அப்பா முன்னால் காத்து நிற்பவர்.

"அட, நம்ம வெள்ளியங்கிரி அண்ணனா? அக்காளுக்கு என்னாச்சுங்க? இந்த வெயில்ல செருப்பில்லாம எதுக்குங்க நடக்கறீங்க?"

"வழுக்குதுங்க பண்ணாடி" என்றார் அப்பா.

பண்ணையக்காரரைக் கூலியாட்கள் கூப்பிடும் அந்தச் சொல்லை அப்பா வாயில் நான் அதுவரை கேட்டதில்லை. தம்பிதுரை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. குனிந்து, அப்பாவின் கால்களுக்கு முன்னால் செருப்பை வைத்தேன்.

"போடுடா, கால் வெந்துரும்" என்றார் முதுகில் இருந்த அத்தை.

அப்பா செருப்பைப் பார்த்தார். வலது கால் எழும்பியது, செருப்பின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அதைத் தாண்டித் தாரில் பதிந்தது. நான் மறுபடி செருப்பை எடுத்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் அத்தையை உட்காரவைத்துவிட்டு என் கால்களைப் பார்த்தார்.

"நீ கழட்டுலயில்ல, கண்ணு?"

"இல்லீங்கப்பா."

தலையை ஆட்டினார். அப்போதுதான் செருப்பைக் கேட்டு வாங்கினார். கொப்புளங்கள் மேல் அதை மாட்ட வெகுநேரம் ஆயிற்று.

அத்தைக்குக் கால் சரியாகிவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து என்னையும் அம்மாவையும் ஊர் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளச் சொன்னார் அப்பா. நாங்கள் செருப்போடு பெரிய வீதி வழியாகப் போவோம். அவர் மட்டும் முந்தின நிறுத்தத்தில் இறங்கி வாய்க்கால் மேட்டில் தனியாக வருவார். வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும். எவ்வளவு பசித்தாலும் அதுவரைக்கும் அத்தை எங்களுக்குச் சோறு போட மாட்டார்.