அக்காவின் முழம்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் நீங்கள் படத்தைப் பார்ப்பீர்கள். பிறகு உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். இடையில் உடன்பிறந்த தங்கை எழுதியிருக்கும் இதையும் படித்துவிடுங்கள். ‘பூப்போன்ற உள்ளம் படைத்தவர்’ என்று தொடங்கச் சொன்னார்கள். அக்காவின் உள்ளம் சாயங்காலத்துக்குள் வாடிப்போகிற சரக்கு அல்ல.

அக்கா பிறந்தது நாங்குநேரிக்குத் தெற்கே. உயரம் குறைவு. அவரிடம் குறை சொல்ல நம் குடும்பத்துக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்; அதை வைத்தே எல்லாரும் பல வருடம் பேசினார்கள். முறை மாப்பிள்ளையான அத்தான், “நாலு பேரு முன்ன கூட்டிட்டுப் போனா, ஒம்ம மவளான்னு கேப்பாவ” என்று சொல்லி வேண்டாம் என்றார். வேறு சிலர் அதே உயரத்தைக் காட்டி நகை கூடுதலாகக் கேட்டார்கள். இவர்களெல்லாம் ஊரில் பெரிய மனிதர்கள்.

பெற்றோர் அடுத்தடுத்துப் போனபின், அறுபதுகளின் தொடக்கத்தில், அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தார். மாதுங்காவில் நம் பக்கத்துக்காரர் ஒருவருக்குப் பூக்கடை இருந்தது. அவரை அண்ணாச்சி என்போம். வேலை கேட்டு வந்த பெண்களை அவர் பூக் கட்டிக் காட்டச் சொல்லவில்லை, கையை நீட்டச் சொன்னார். அக்காவைப் பார்த்ததும், “நீ முன்னால உக்காந்து அளந்து குடு தாயி” என்றார். மற்றவர்களுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து கட்டுகிற வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனபிறகு, இந்த ஒருவர்தான் பார்த்த மாத்திரத்தில் ‘இவள்தான்’ என்றார். அக்கா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். மாதுங்காவின் ஆபீஸ் வீட்டு மாமிகள், “ரெண்டு விரல் கூட விடப்படாதோ?” என்று ஒவ்வொரு மொட்டுக்கும் வாதாடுவார்கள். கணவன்மார் பாங்கில் கணக்கு எழுதுகிறவர்கள். அளக்கிற கை எவ்வளவு நீளம் என்று அவர்களில் ஒருவருக்கும் பார்க்கத் தோன்றியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அக்கா காய்ச்சலில் படுத்தார். அவர் இடத்தில் அண்ணாச்சி உயரமான பெண் ஒருத்தியை உட்கார வைத்தார். உடம்பு தேறி, நானும் அக்காவும் கடைக்குப் போனபோது, அண்ணாச்சி எங்களைக் கவனிக்காமல் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“இந்த நீட்டுக் கையால அளந்தா நான் கடைய மூட வேண்டியதுதான். அந்தக் குட்டச்சி அளந்தா ஒரு பூப்பந்துல எத்தன முழம் தேறும் தெரியுமாட்டி? கையப் பாத்துத்தானே அவள எடுத்தேன்.”

அக்கா வாசலிலிருந்தே திரும்பிவிட்டார். வீட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேரே சொன்னபோதெல்லாம் அழாதவர், தன்னைப் பிடித்துப்போய் எடுத்தார்கள் என்று நம்பிய ஒரே இடமும் பொய்யானதற்கு அழுதார். “அந்தக் கடப் பக்கமே போவாண்டாம்க்கா” என்றேன்.

மறுநாள் காலை தலைவாரிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன்.

“அண்ணாச்சி, உக்காந்து அளக்கதுக்குக் கூலி தாரீய. கைக்கு என்ன தாரீய?”

“என்னம்மா சொல்லுத?”

“என் கையால ஒரு பந்துல எவ்வளவு மிஞ்சுதோ, அதுல பாதி எனக்கு. இல்லன்னா எதிர்த்த கடையில போயி கைய நீட்டுதேன்.”

“பாதி ரொம்ப சாஸ்தி தாயி.”

“அப்பம் நீளக் கைய வச்சே அளங்க.”

அக்கா தெருவைக் கடப்பதற்குள் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார். பாதி என்றே பேச்சு முடிந்தது.

ஏமாற்று என்பீர்கள். முழம் கேட்டார்கள், அக்கா முழம் கொடுத்தார். கன்னத்தில் ஒற்றிக்கொள்ளும் பூவுக்கு ஒரு விரற்கடை குறைந்தால் தர்மம் கெட்டுவிடும் என்கிறவர்கள், ஒரு பெண்ணைச் சாண் கணக்கில் அளந்து தள்ளியபோது எங்கே போயிருந்தார்கள்?

அந்தப் பாதியில்தான் எங்களுக்கு ஓடு போட்ட ஒற்றை அறை கிடைத்தது. நான் படித்து ஆசிரியையானேன். ஊரிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் அந்த அறையில்தான் பெட்டியை இறக்கினார்கள். அத்தானும் வந்தார். கூட அழைத்துப் போக வெட்கப்பட்ட அதே பெண் பொங்கிப் போட்டதை மாதக்கணக்கில் வெட்கப்படாமல் சாப்பிட்டார். பிறகு கல்யாணில் வீடு வாங்கிக்கொண்டு போனவர், அதன்பின் தாராவி நாற்றம் தாங்கவில்லை என்று எட்டிப் பார்க்கவில்லை.

கடைசி நாட்களில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. யாரையும் அழைக்க வேண்டாம் என்றார். நான்தான் சொல்லியனுப்பினேன். அத்தான் சடலம் எடுக்கும் நாளில் வந்து, ஆண்பிள்ளை என்ற முறையில் முன்னே நின்றார். பாடை சாமான் கடையில் அவர் பேசியது அருகில் நின்ற என் காதில் விழுந்தது.

“சோட்டா பாடி ஹை சேட். பாம்பூ கம் லகேகா. தோடா கம் கரோ.”

சின்ன உடம்பாம், மூங்கில் குறைவாகத்தான் ஆகுமாம், விலையைக் குறைக்க வேண்டுமாம். கடைக்காரர் குறைக்கவில்லை. மூங்கில் எல்லாருக்கும் ஒரே நீளம்தான் என்றார்.

நன்றி சொல்ல அச்சகத்தார் கீழே இடம் விட்டிருக்கிறார்கள். இரவெல்லாம் அக்காவின் தலைமாட்டில் இருந்த தாராவிச் சந்துப் பெண்களுக்கு நன்றி. தள்ளாத வயதில் இருவர் தாங்கிப் பிடிக்க வந்து, அளக்காமல் ஒரு முழுப் பந்தை அக்காவின் கால்மாட்டில் வைத்துப் போன அண்ணாச்சிக்கும் நன்றி. அக்காவின் குட்டையால் ஆதாயம் அடைந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதற்குக் கூலி கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.