கதிரை உறையில் ஒரு வெள்ளைச் சட்டை

“அந்தக் குடையை எறியாதை பிள்ளை. எனக்குத் தா.”

மன்னார் பஸ் நிலையத்தில் வாடைக்காற்று டினோஜாவின் குடையைப் பிடுங்கித் திருப்பி, கம்பிகளையும் முறித்துவிட்டிருந்தது. காய்ச்சல்கார மகளை ஆசுபத்திரியில் காட்டிவிட்டு, பேசாலை பஸ்ஸுக்காக மழையில் நின்றாள் அவள். குடையைக் கேட்டவர் அன்ரோனெற் அக்கா. ஒரே ஊர்தான், ஆனால் கோயிலில் கண்டு தலையாட்டும் பழக்கம் மட்டும். முறிந்த குடையை வாங்கிக்கொண்டு, தன்னுடைய நல்ல குடையை விரித்து டினோஜாவின் கையில் பிடிக்கக் கொடுத்தார். “எனக்குச் சீலைதான் தேவை. மாறிக்கொள்ளுவம்” என்றார், லாபம் முழுக்கத் தனக்குத்தான் என்பதுபோல. பிறகு தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்துவிட்டார்.

அன்ரோனெற் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கருவாடு போடுவது தொழில். உப்பு ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். தையல் தொடங்கியது நேற்று முன்தினம் என்றே சொல்லலாம். கன்னியர் மடத்துச் சிஸ்ரர்மார் கழித்த பழைய மெசின் ஒன்று வீட்டுக்கு வந்தது. அதில் உட்காருமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். முதல் கிழமையே ஊசி விரலுக்குள் போனதிலிருந்து அந்தப் பழக்கம்.

கடைக்குப் போய் அவர் துணி வாங்கி யாரும் கண்டதில்லை. குடைச் சீலையில் பள்ளிக்கூடப் பைக்கு மழை உறை தைப்பார். பேக்கரி மாவுப் பை தலையணை உறையாகும். கிழிந்த நுளம்பு வலை மரக்கறிப் பையாகும். கந்தோரில் கழித்த திரைச்சீலை யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் மறுபடி தொங்கும். திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் எல்லோரும் சுரூபத்தைப் பார்க்க, இவருடைய கண் கொடிச் சீலையிலேயே நிற்கும்.

“பாவசங்கீர்த்தனத்திலை அதையும் சொன்னனான்” என்பார். “சுவாமி சிரிச்சுப்போட்டார்.”

தெரிந்தது நேர்த் தையல் ஒன்றுதான். அதுவும் கொஞ்சம் அலையும்.

“நேர் எண்டு சொல்லுறியள், வள்ளம் மாதிரி ஆடுதே அக்கா” என்று டினோஜா பகிடி பண்ணுவாள். குடை மாறின நாளிலிருந்து பின்னேரங்களில் அவளும் போய் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து பழகினாள்.

“ஆடினாலும் பிரியுதோ பார். இழு, இன்னும் இழு.” இழுத்தால் பிரியாது. அதில் அக்காவுக்குப் பெரிய பெருமை.

இந்த வருசம் டினோஜாவின் மகளுக்கு முதல் நன்மை, வெள்ளை உடுப்போடு முதல்தரம் நற்கருணை வாங்கும் பூசை. முன்பு மகனுக்கு மச்சாள் வீட்டு உடுப்பை இரவல் வாங்கிப் போட்டாள். பூசை முடிய முன்னமே தெருவுக்கெல்லாம் அது யாருடைய உடுப்பென்று தெரிந்துவிட்டது. அந்த முகத்தோடு இன்னொரு தரம் கோயில் வாசலில் நிற்க டினோஜாவால் ஏலாது. மகள் தாய் தைத்த சட்டையோடு போகவேண்டும், யாரும் வாய் திறக்கக்கூடாது. நேர்ந்துகொண்ட மாதிரி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு போனது மன்னாரில் கலியாணங்களுக்குக் கதிரை வாடகைக்கு விடும் றுஸ்தியிடம். அவருடைய களஞ்சியத்து மூலையில், குழம்புக் கறை பிடித்த வெள்ளைக் கதிரை உறைகள் நாலைந்து கிடந்தன. நல்ல மினுங்கல் துணி.

“என்னத்துக்கு அக்கா இது? வீட்டிலை கதிரை கூடிப்போச்சோ?”

“கதிரை உன்னட்டையே இருக்கட்டும் தம்பி. அதின்ரை உடுப்பை மட்டும் தா.”

தோய்த்து, கறை விட்ட இடங்களை வெட்டி எறிந்து, கழுதை வந்து கடிக்காமல் வேலிக்குக் காவல் இருந்து காயவைத்தார்கள். உடம்பும் பாவாடையும் நேர்த் தையல், சுகமாக வந்தது. கையில்லாத சட்டையோடு யாரும் வரக்கூடாது என்று மறைக்கல்விச் சிஸ்ரர் முதலே சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் கை வைக்கத் தெரியாது.

மகளின் பழைய பள்ளிச் சட்டையைப் பிரித்து, அதன் கையைப் பத்திரிகைத் தாளில் வைத்துக் கீறி, துணியில் வைத்து வெட்டினார்கள். அடுத்த கைக்குத் தாளைப் புரட்டி வைக்கவேண்டும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. இரண்டும் வலக்கையாகப் போனது.

அக்கா இரண்டையும் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “சாப்பிடவும் எழுதவும் நல்ல வசதி” என்றார். டினோஜா சிரிக்கவில்லை. முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். இன்னொரு கை வெட்டப் போதுமான துணி மிச்சமில்லை. பூசை வருகிற ஞாயிறு.

விடிய முதல் பஸ்ஸில் அக்கா றுஸ்தியிடம் போய் இன்னோர் உறை கொண்டுவந்தார். கழித்த உறைகள் முடிந்துபோய், பாவனையில் இருந்ததை றுஸ்தி உருவிக் கொடுத்திருந்தார். அதன் நடுவில் பெரிதாக நீல மையில் கடை அடையாளம். தேசிக்காய் தேய்த்தும் போகவில்லை, வெயிலில் போட்டும் போகவில்லை. கமக்கட்டுப் பக்கம், கைக்கு அடியில், அடையாளம் வரும்படி வைத்து வெட்டினால்தான் இடக்கை கிடைக்கும்.

இந்தத் தடவை வெட்டினதும் தைத்ததும் டினோஜா. அக்கா துணியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் செபமாலை சொன்னார். இடையில் தானும் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தார். துணி சுருங்கி, கை காலிஃபிளவர் மாதிரி நின்றது. டினோஜா அதைப் பிரித்துத் தைத்தாள், திரும்பவும் பிரித்துத் தைத்தாள். கடைசியில் ஒரு சுருக்கமில்லாமல் கை தோளில் போய் இருந்தது.

ஞாயிறு பூசையில் மகள் கைகுவித்து நடந்தாள். குவித்த கைக்குக் கீழே நீலம் தெரியவில்லை. டினோஜாவுக்கு மூச்சு வந்தது.

பூசைக்குப் பிறகு மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு. கதிரை கொண்டுவந்தவர் றுஸ்திதான். மகள் அவரைக் கண்டு, கையை உயர்த்தி ஆட்டினாள்.

“என்னடி இது, கமக்கட்டுக்குள்ளை நீலமா?” மச்சாளின் குரல் அடுத்த மேசைக்கும் கேட்டது.

டினோஜா அக்காவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்த அக்கா, அந்த வாய்க்குள் பணிஸ் ரொட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தார்.

“கதிரை உறை, மச்சாள்” என்றாள் டினோஜா. “றுஸ்தி அண்ணை தந்தவர். நான்தான் தைச்சனான்.”

மச்சாள் பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்த்தார். தையலை நகத்தால் நிமிண்டினார். “கையும் நீயோ வைச்சனி?”

“ஓம்.”

மச்சாள் திரும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்தார். கொஞ்சம் பொறுத்து, தான் இருந்த கதிரையின் உறையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். “என்ரை சின்னவளுக்கு ஒண்டு தைக்கலாமோ?”

“இருக்கிற கதிரையை உரிச்சுப்போடாதீங்க” என்றார் றுஸ்தி. மண்டபமே சிரித்தது. டினோஜாவும் வயிறு நோகச் சிரித்தாள். ஆண்டவர் அந்த ஞாயிறை அவளுக்கு நிறைவாகத் தந்தார்.

காற்று மாறினால் அன்ரோனெற் அக்கா தமையன் குடும்பத்தோடு வெள்ளாங்குளம் பக்கத்துக் கரைக்கு, வாடி என்னும் ஓலைக்குடில் போட்டுக் கருவாடு காயவைக்கப் போவார். போன கிழமை போனார். லொறி வர முன்னம், தள்ளுவண்டியில் மெசினை ஏற்றிக்கொண்டு டினோஜா வீட்டு வாசலுக்கு வந்தார்.

“என்ரை வீட்டிலை விட்டால் உப்புக்காத்துக்குக் கறள் பிடிச்சிடும். நீ வைச்சிரு. சும்மா நிண்டால் இறுகிப்போம், நெடுகத் தைக்கவேணும்.”

டினோஜாவின் வீடு கடலுக்கு இன்னும் கிட்ட. அவள் அதைச் சொல்லவில்லை. மெசினின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தாள்.

லொறி வந்தது. சட்டிகளுக்கும் கடகங்களுக்கும் நடுவில் ஏறி இருந்த அக்கா, லொறி நகர நகர, கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தபடி எட்டிப் பார்த்துச் சொன்னார்:

“நான் திரும்பி வர, எனக்குக் கை வைக்கக் காட்டித் தரவேணும், பிள்ளை. பிழைவிட்டால் ஏசப்பிடாது. இப்பவே சொல்லிப்போட்டன்.”