அறிவித்தலை நான் வாசித்த விதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அது கடைசியில் என் கைக்குத்தான் வரும். நான் ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போகிற பெண்களின் ஒப்பந்தத் தாள், எல்லாவற்றுக்கும் நான்தான் நீதிபதி. நான் ஒருமுறை வாசித்துச் சொல்லிவிட்டால் வேறு யாரிடமும் கொண்டுபோய்க் காட்டமாட்டார்கள். காட்டினால் டீச்சரை அவமதித்ததாகிவிடும். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

போன மழையில் மேல் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு இறங்கத் தொடங்கியது. அங்கே ஓர் அக்கா இருக்கிறார். புருஷன் செத்தபிறகு கொழுந்து பறித்தே இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிறவர். அவருடைய ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் புது வீடுகளுக்குப் பதியச் சொல்லித் தோட்ட ஆபீசில் அறிவித்தல் ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் மட்டும். தமிழில் பிறகு வரும் என்றார்கள், வரவில்லை. அக்கா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த கையோடு என் வாசலுக்கு வந்தார்.

“என்ன போட்டிருக்காங்க டீச்சர்? நாங்க பதியலாமா?”

யார் பதியலாம் என்பது ஒரே வரிதான். முதலில் ‘ஓய்வுபெற்ற’ என்பதற்கான ஆங்கிலச் சொல். அடுத்து ஆண்கள், பிறகு ஓர் ‘அண்ட்’, அதன்பின் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள். அந்த முதல் சொல் ஆண்களோடு நின்றுவிடுகிறதா, பெண்களையும் சேர்த்துப் பிடிக்கிறதா? நின்றுவிட்டால் அக்காவுக்கு வீடு உண்டு. சேர்த்துப் பிடித்தால் இல்லை, அவர் இன்னும் வேலைக்குப் போகிறவர். இதே சங்கதியை வகுப்பில் கரும்பலகையில் எழுதி, “ரெண்டு விதமாவும் எடுக்கலாம், எழுதினவரத்தான் கேக்கணும்” என்று பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். வாசலில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீச்சருக்கே தெரியவில்லை என்று ஆகிவிடுமே.

“ரிட்டயர் ஆனவங்களுக்கு மட்டும்தான் அக்கா. அடுத்த தடவ பாப்போம்.”

“சரிங்க டீச்சர்” என்று போய்விட்டார்.

நாளைக்கு ஆபீசில் விசாரிக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் பரீட்சைத் தாள் திருத்த இருந்தது, அதற்கடுத்த நாள் மழை. சாக்குச் சொல்வதில் நான் கெட்டிக்காரி.

வீடு கிடைத்தவர்களின் பட்டியல் வந்தபோது அதில் கீழ் லயத்துப் பெண்கள் சிலர் இருந்தார்கள். எல்லோரும் அக்காவைப் போல இன்னும் கொழுந்து பறிக்கிறவர்கள். அவர்கள் என்னிடம் வராமல் நேரே ஆபீஸ் கிளார்க்கிடமே கேட்டுப் பதிந்திருக்கிறார்கள். நான் ஆபீசுக்கு ஓடினேன். “பதியிற நாள் முடிஞ்சி போச்சே டீச்சர், இனி ஒண்ணும் செய்ய ஏலாது” என்றார் கிளார்க். அங்கிருந்து மேல் லயத்துக்கு ஏறினேன்.

அக்கா சுவர் வெடிப்பில் சாக்குத் துணியைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“தப்பா வாசிச்சிட்டேன் அக்கா. உங்களுக்கும் வீடு கெடச்சிருக்கும்.”

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம்.

“எனக்கும் அன்னைக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆபீசுல ஒரு வார்த்த கேட்டுருவோம்னு பாதி வழி போயிட்டுத் திரும்பிட்டேன். நீங்க சொன்னதுக்கு மேல போய்க் கேட்டா, உங்கள நம்பலன்னு ஆயிடும்ல. விடுங்க டீச்சர், யாருக்குத்தான் தப்பு வராது?”

தப்பாக வாசித்ததற்காக என்னை மன்னித்துவிட்டார். ஆனால் நான் அந்த வரியைச் சரியாகத்தான் வாசித்திருந்தேன். இரண்டு அர்த்தம் இருப்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.