கழுத்தில் கோடு விழாத பிள்ளை

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று காணாமற்போன மகளுக்கு, இறந்தவர்களுக்கான கத்தம் ஓத, இத்தனை வருடத்துக்குப் பிறகு என் உடன்பிறந்த ராத்தா ஒருவாறு சம்மதித்திருந்தாள். அடக்க ஜனாஸாகூடக் கிடைக்காத பிள்ளை. அதுவரை யார் பேச்சையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்காக வீட்டைத் துப்புரவாக்கப் போனபோதுதான், அலுமாரிக்குள் கவிழ்த்து வைத்திருந்த பழைய கோட்டுப்படம் என் கையில் பட்டது. வாப்பா மட்டக்களப்பில் ஒரு பறங்கியர் வீட்டில் அலுமாரியை வாங்கியபோது கூடவே வந்த தாள் அது.

ஏதோ ஐரோப்பிய நகரத்துத் தெரு. ரொட்டிக்காரன், கூடைக்காரிகள், நாய், ஓரத்தில் ஒரு சிறுமி. பெரியவர்கள் எல்லோருடைய கழுத்தையும் ஒரே கோடு வெட்டிச் சென்றது. உருவம் வரைந்தால் கழுத்தில் கோடு இழுத்து அதை உயிரற்றதாக்குவது எங்கள் ஆட்களின் வழக்கம். சித்திர ஆசிரியரான நானே பள்ளிப் பிள்ளைகளின் எத்தனையோ கொப்பிகளில் இழுத்திருக்கிறேன். இது வாப்பாவின் வேலை என்று நினைத்தேன். சிறுமியின் உயரம் மட்டும் அந்தக் கோட்டை எட்டவில்லை. அவளில் காணாமற்போன என் மருமகளின் சாயல் இருந்தது. ராத்தா படத்தை வைத்திருந்ததும் அதற்காகத்தான்.

எனக்குக் கை சும்மா இருக்காது. போனில் தேடினேன். அதே தெரு, பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியமாக, வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் இருந்தது. தாளைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கோடு வாப்பா போட்டதல்ல; படத்தைப் பெரிய ஓவியமாகப் பெருப்பிக்க ஓவியரே போட்ட கட்டங்களில் மங்காமல் எஞ்சியது. ஓவியத்தில் அந்தச் சிறுமி இல்லை. ஓவியத்தைப் பார்த்து நகல் வரைந்தவன் அதில் இல்லாத ஆளை வரையமாட்டான். ஆகவே இது ஓவியரின் முன்வரைவு.

பெருமை தாங்காமல் ராத்தாவிடம் ஓடினேன். அவள் போனில் இருந்த ஓவியத்தில், சிறுமி நின்றிருக்க வேண்டிய ஓரத்தை விரலால் பெரிதாக்கினாள். வெறும் கல் தரை.

"இவ எங்க?"

"ஓவியர் எடுத்துட்டார் ராத்தா. அவ இல்லாததாலதான் இது முன்வரைவு எண்டு தெரியுது."

"மத்த எல்லாருக்கும் கழுத்துல கோடு. இவக்கு இல்ல. உசிரோட இருந்த புள்ள, எழும்பிப் போயிட்டா."

"அது வெறும் கட்டம் ராத்தா."

"ஓம். அப்ப அவ எங்க போனா?"

என் வாயை நானே சபித்துக்கொண்டேன்.

"கத்தத்த நிப்பாட்டு தம்பி" என்றாள். எழுந்து போய் முன்கதவை அகலத் திறந்து வைத்தாள்.

வாசலில் யாரும் இல்லை. ஆனாலும் வெளியேறும்போது, வழிவிட்டு ஒதுங்கித்தான் போனேன்.