மூன்றாவது இறக்கம்

என் கையெழுத்தை நம்பிப் போன மூன்று பேர் மலையில் வழி தவறியது, நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நடந்தது. கையெழுத்தில் எந்தக் குற்றமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு குரங்கணியில். போடியிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும். அதற்கு மேலே காப்பித் தோட்டமும் ஏலத் தோட்டமும் காடும்தான். வெள்ளைக்காரர்கள் காலத்தில் மலை உச்சியிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் கம்பிக் கயிற்றில் தொங்கவிட்டுக் கீழே அனுப்பினார்களாம். கயிறு எப்போதோ போய்விட்டது. இரும்புத் தூண்கள் சில மட்டும் துருப்பிடித்து, கொடி சுற்றி, காட்டுக்குள் அங்கங்கே நிற்கின்றன. பாதி மலையில் கயிற்றை இழுத்த இயந்திரம் இருந்த கட்டடம் கூரையில்லாமல் கிடக்கிறது. நாங்கள் அதை மிசின் வீடு என்போம். ஆடு மேய்க்கிறவர்கள் அதன் சுவரோரம் காற்றுக்கு ஒதுங்குவார்கள். வேறு உபயோகம் இல்லை. அதைப் பார்ப்பதற்கென்றே மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு வந்து இறங்கியபோது ஊரில் கொஞ்ச நாள் அதுதான் பேச்சு. "வீட்டுல இரும்பே இல்லாதவுக போல" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்படி வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றி வந்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். அவர்களுக்குப் பாதை காட்டியவள் அம்மா. ஏலத் தோட்டத்தில் காய் எடுப்பதுதான் அவளுடைய வேலை. ஆனால் ஜீப் ரோடு வருவதற்கு முன்னால், அரிசியும் உப்பும் உரமும் தலைச்சுமையாக மேலே போன காலத்தில், பன்னிரண்டு வயதிலிருந்து அந்த மலையை ஏறி இறங்கியவள் அவள். ஏலக்காய், செடியின் அடியில், தரையோடு தரையாகக் காய்க்கும். காய் எடுக்கிறவர்களுக்கு நாள் முழுவதும் குனிந்த முதுகுதான். நடக்க வந்தவர்களோடு போனால் நிமிர்ந்து நடக்கலாம். போதாததற்கு அவர்கள் அவளை வாங்க, போங்க என்று கூப்பிட்டார்கள். அந்த நாட்களுக்கென்றே அம்மா ஒரு ஊதாச் சேலையைத் தனியாக மடித்து வைத்திருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். இதை இப்போதும் நான் அடக்கமாகச் சொல்வதில்லை. அப்போது கேட்கவே வேண்டாம். வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் திருத்துவேன். பேச்சில் 'எ' என்று வருவது எழுத்தில் 'இ' ஆகும் என்று எங்கள் டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தார். எலை என்றால் இலை. எடம் என்றால் இடம். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு குரங்கணி முழுவதையும் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

அன்று சனிக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்தில் மாமா வாசலில் ஜீப்பை நிறுத்தினார். உள்ளே தொப்பி போட்ட ஒருவர், அவர் மனைவி, மனைவியின் தங்கை என்று மூன்று பேர். முன்கூட்டியே சொல்லாமல் வந்துவிட்டார்கள்.

"ஏ ஆத்தா, மதுரையில இருந்து வந்து நிக்கிறாக. வெரசாக் கெளம்பு."

"இன்னைக்கு முடியாதுண்ணே. காய் வெளஞ்சு கெடக்கு. நான் போகலைன்னா கங்காணி அடுத்த எடுப்புக்குக் கூப்பிட மாட்டாரு."

"அப்பத் திருப்பி அனுப்பிரவா? ஒருக்கா ஏமாந்து போனா மறுக்கா எந்த மதுரைக்காரன் வருவான்?"

அம்மா யோசித்தாள். வந்தவர்கள் திரும்பிப் போனால் ஊதாச் சேலைக்கும் வேலை இருக்காது. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எதுக்குத் திருப்பி அனுப்பணும்? எழுதுற ஆளு வீட்டுல இருக்குல்ல. நான் வழியச் சொல்றேன், இவ எழுதிக் குடுப்பா. தாளப் பாத்துப் போயிட்டு வரட்டும்."

எழுதுகிற ஆள் என்று என்னை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ரஃப் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அம்மா காய்ப்பையை இடுப்பில் கட்டியபடியே சொன்னாள்.

"ஓடைய ஒட்டியே போகணும். ரெண்டாவது தூணு வர்ற வரைக்கும் எங்கிட்டும் திரும்பக் கூடாது. பெறகு எறக்கு எண்ணிக்கிட்டே போகணும். மூணாவது எறக்குல சோத்தாங்கைப் பக்கம் ஏறுனா மிசின் வீடு."

சோத்தாங்கை என்பதை வலது பக்கம் ஆக்கினேன். அடுத்து எறக்கு. டீச்சர் சொன்னபடி 'எ'வை 'இ' ஆக்கினால் இறக்கு. ஆனால் இறக்கு என்பது ஒருவரைப் பார்த்துச் சொல்கிற கட்டளை அல்லவா, அதை எப்படி ஒன்று, இரண்டு என்று எண்ண முடியும்? அம்மா சொல்லைப் பாதியில் விழுங்கிவிட்டாள் என்று முடிவு செய்தேன். ஏற்றத்துக்கு எதிர்ச்சொல் இறக்கம். அந்த வாரம்தான் படித்திருந்தோம். "மூன்றாவது இறக்கத்தில் வலது பக்கம் திரும்பிச் செல்லவும்" என்று எழுதினேன். 'ஏறுனா' என்பது எழுத்துக்கு அழகாக இல்லை என்று அதை விட்டுவிட்டேன். பிறகு கோடு போட்ட தாளில், ஒரு அடித்தல்கூட இல்லாமல், நல்ல பிரதி எடுத்தேன்.

"ஒருக்கா படி, கேப்போம்" என்றாள் அம்மா.

தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன். எறக்கு, சோத்தாங்கை எல்லாவற்றோடும். திருத்தியதைச் சொன்னால் ஏன், எதற்கு என்று பேச்சு வளரும். மாமா வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அம்மா நிறைவாகத் தலையாட்டினாள்.

தொப்பிக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அச்சடிச்ச மாதிரி இருக்கே, யாரும்மா எழுதினது?" என்றார்.

"எம் பொண்ணுதான்யா" என்று சொல்லிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பாமல் வேலைக்குப் போனாள். சிரித்ததை நான் பார்த்துவிடக்கூடாது என்றுதான்.

மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் திரும்பியிருக்க வேண்டும். மாமா கோழிக்குழம்பு சொல்லி வைத்திருந்தார். இரண்டு மணியானது, மூன்று மணியானது. மலைக்கு மேல் டவர் கிடையாது. ரோட்டு வளைவில் போய் நின்று மாமா திரும்பத் திரும்ப போன் போட்டுப் பார்த்தார். நான்கு மணிக்கு அம்மா தோட்டத்திலிருந்து வந்தபோது அவர் முகம் வெளிறிப் போயிருந்தது.

"மேகம் வேற எறங்குது. ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா இந்த மலையில இனி ஒருத்தன் கால் வைக்க மாட்டான். நீ என்ன வழி சொன்னயோ, ஏது சொன்னயோ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வளைவுக்கு ஓடினார்.

"நான் சொன்ன வழியில போனா கண்ணைக் கட்டிக்கிட்டுக்கூடப் போகலாம்" என்று அம்மா தனக்குத்தானே சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நோட்ட எடுத்துட்டு வா. நான் சொன்னதப் படிக்காத. நீ எழுதுனதப் படி."

படித்தேன். இறக்கம் என்ற இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"எறக்கு எங்கடி?"

"அப்படி ஒரு வார்த்தை இல்லம்மா. இறக்கம்தான் சரி."

"ரெண்டு கல்ல நட்டு, ஒரு கல்லக் குறுக்க படுக்க வச்சிருக்கும். சுமையத் தலையில இருந்து எறக்கி வச்சு மூச்சு வாங்குற எடம். அதாண்டி எறக்கு. பாதைக்கு அதுதான் கணக்கு."

அந்தக் கற்களை நான் பார்த்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்து நெல்லிக்காய் தின்றிருக்கிறேன். அவற்றுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று மட்டும் நினைத்ததில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். விரலை மடக்கினாள். "பள்ளத்துல எறங்குறதுன்னா, ஓடைக்கு ஒன்னு. வழுக்குப்பாறைக்கு அங்கிட்டு ஒன்னு. மூணாவது..." அவள் விரல் நின்றது. "காப்பித் தோட்ட வேலிக்கிட்ட. அங்க சோத்தாங்கைப் பக்கம் காட்டுமாடு தண்ணிக்கு எறங்குற தடம்." கண்ணைத் திறந்தபோதே நடக்கத் தொடங்கியிருந்தாள். "நீயும் வா. வேற என்னென்ன எழுதியிருக்கன்னு வழியில சொல்லு."

மாமாவும் நாங்களும் ஏறினோம். அம்மாவின் இடுப்பில் காய்ப்பை அப்படியே இருந்தது. மூன்றாவது கல்லின் பக்கம் போகவே இல்லை, அதற்கு முன்பே பிரிந்த பாதையில் வேகமாகப் போனாள். வேலி வந்தது. வலது பக்கம் குளம்படி பதிந்த சேற்றுத் தடம் சரிவில் இறங்கியது. அம்மா வாயில் கையைக் குவித்து, "மதுரைக்காரவுகளே" என்று கூப்பிட்டாள். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது, "இங்கம்மா, இங்க" என்று கீழே இருந்து மூன்று குரல்கள் ஒன்றாக வந்தன.

சரிவின் அடியில், சாய்ந்து விழுந்த ஒரு பழைய தூணின் மேல் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மனைவிக்குக் கால் பிசகி வீங்கியிருந்தது. சற்று முன்தான் ஒரு காட்டுமாடு எதிர்ச்சரிவில் நின்று அவர்களை வெகுநேரம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. தொப்பிக்காரர் கையில் என் தாள் இருந்தது.

"மூணாவது இறக்கம்னுதானே போட்டிருக்கு? எண்ணி எண்ணித்தான் வந்தோம்" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன். அந்த முதல் பள்ளத்தைக் கணக்குல சேர்க்காதீங்கன்னு. கேட்டாத்தானே" என்றார் மனைவி.

"அக்கா, தூண் இருக்கு, சரியான பாதைதான்னு நீதான் இறங்கின" என்றார் தங்கை.

மாமா அந்தத் தாளை வாங்கினார். அவருக்கும் படிக்கத் தெரியாது. என்றாலும் வெகுநேரம் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பிள்ளைய ஏன் பாக்குற? நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "காலையில அவசரத்துல வாய் கொழறிருச்சு. அது நான் சொன்னதத்தான எழுதும். மன்னிச்சுக்கங்கய்யா, படிக்காத பொம்பள."

"இருபது வருசம் நடந்த பாதைய மாத்திச் சொல்லுவியாக்கும்" என்று மாமா முணுமுணுத்தார். அம்மா குனிந்து, தொப்பிக்காரரின் மனைவியின் காலைப் பிடித்துப் பார்த்து, தன் தலைத்துணியைக் கிழித்துக் கட்டினாள்.

இறங்கும்போது அம்மாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் அவரைத் தாங்கிக்கொண்டார்கள். பெரிய பை அம்மாவின் தலையில். சின்னப் பையை என் தலையில் வைத்தாள். அது கல்லாகக் கனத்தது. பாதி வழியில் கழுத்து வலித்து, அழுகை வரும் நேரத்தில், பாதையோரம் குறுக்குக் கல் ஒன்று தெரிந்தது.

"எறக்கு" என்றாள் அம்மா.

இறக்கினேன். கல் சரியாக அவள் தலை உயரத்துக்கு இருந்தது. எனக்கு எட்டவில்லை, பையை அவள் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அந்த மழைக்காலம் முழுவதும் மாமா அம்மாவைக் கூப்பிடவில்லை. வந்தவர்களோடு வேறு யாரையோ அனுப்பினார். ஊதாச் சேலையை அம்மா ஒரு நாள் தோட்டத்துக்கே கட்டிக்கொண்டு போனாள். படிக்காத பொம்பள என்று அவள் சொன்னது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. பழி என் மேல் விழாததில் நிம்மதி. 'நான் சொன்னதத்தான எழுதும்' என்றதில் சின்ன வருத்தமும் உண்டு. சொந்தமாகத் திருத்தத் தெரியாதவள் என்று தொப்பிக்காரர் என்னை நினைத்துவிட்டாரே.

பிறகு போடியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து விடுதியில் தங்குவதற்கான படிவத்தைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் காவல் வேலை. மாதம் ஒரு தடவைதான் வருவார். அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"படி."

இரண்டு பக்கத்தையும் படித்தேன். விடுமுறை தவிர மற்ற நாட்களில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்க மாட்டேன் என்ற வரி வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்தாள். "ம், மேல படி" என்றாள். முடித்ததும், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தாள்.

தாளில் அப்படித்தான் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. டீச்சரிடம் கொண்டுபோய் ஒரு முறை படிக்கச் சொல்லவும் இல்லை. இவ்வளவு தெளிவாகப் படிக்கிற பெண்ணிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மை காய்வதற்காக அந்தத் தாளை நான் ஊதிக்கொண்டிருந்தேன்.