இலையில் ஊதிய குரல்

தாப்பா ஊரில் பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய காட்டில் திருட்டுத்தனமாக மான் வேட்டைக்குப் போவோம். இலையை உதட்டில் வைத்து ஊதி, குட்டிமான் போலக் கத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குத் திமிர்.

அன்று காலை ஊதியதும் ஒரு பெண்மான் புதரை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தது. எங்களைப் பார்த்த பிறகும் ஓடவில்லை. கூட்டாளி குமார் சுட்டான்.

மானை அறுக்கும்போது அதன் மடியில் கத்தி பட்டு, வெதுவெதுப்பான பால் என் கையில் வழிந்தது. அந்நேரம் புதருக்குள் நிஜக்குட்டி கத்தியது. நான் ஊதிய அதே குரல்.

“இன்னொரு வாட்டி ஊது மச்சான், குட்டியும் வரும்லா!” என்றான் குமார்.

இலையைக் கீழே போட்டுவிட்டேன். அதற்காக என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியானம் அந்தக் கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன்.