கப்பல் ஏணிக்கு நாற்பத்தோரு படி

எனக்குக் குடலில் கட்டி என்று தெரிந்ததும் டாக்டர் படம் வரைந்து காட்டினார். வயிற்றைத் திறந்தும் செய்யலாம், நாலைந்து சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோபியிலும் செய்யலாம். உள்ளே வெட்டி எடுப்பது இரண்டிலும் ஒன்றுதான். துளை வழியாக என்றால் வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், நடுவில் சிக்கல் வந்தால் திறக்க வேண்டியிருக்கும் என்றார். நான் துளைக்கே தலையாட்டினேன். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், உள்ளே ஊதிய காற்றால் தோள்பட்டை வலிக்கிறது, நடக்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுந்து நடந்தேன்.

அவள் வயிற்றில் தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை ஒரு தழும்பு. எழுபதுகளில் இதே நோய்க்காக அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து அவளைக் கப்பலில் மெட்ராஸ் கூட்டிப்போனேன். அப்போது திறப்பது ஒன்றுதான் வழி. பிள்ளைகள் இரண்டையும் அங்கே நாங்கள் குடியிருந்த பத்துபஸ்தியில் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம் விட்டிருந்தோம். சின்னவளுக்கு இரண்டு வயசு.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், இன்னும் பதினாலு நாளில் கப்பல் கிளம்புகிறது, அதற்குப் பிறகு அது ரிப்பேருக்குப் போகிறது, அடுத்த கப்பல் எப்போது என்று தெரியாது என்று கேள்விப்பட்டு வந்து அவளிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அதிலேயே போகணும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"ஆறு வாரம் இங்கதான் இருக்கணும். கப்பல் ஏணியெல்லாம் எப்படிம்மா ஏறுவ?" என்றார் மெட்ராஸ் டாக்டர்.

"நாப்பத்தோரு படி, டாக்டர். எறங்கும்போது ஒவ்வொரு படியும் வலிச்சுச்சு, எண்ணி வச்சிருக்கேன். உங்க மாடிப்படி அத்தன ஏறிக் காட்டுனா கப்பல்ல போகலாம்னு கடுதாசி தருவீங்களா?"

அவர் சிரித்துவிட்டு, "ஏறு, பாக்கலாம்" என்றார்.

அன்றிலிருந்து வயிற்றில் தலையணையை அழுத்திக்கொண்டு படியேறத் தொடங்கினாள். முதல் நாள் மூன்று படி. தையல் விட்டுவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. "பிள்ளைக எங்க போயிடும்?" என்று கத்தினேன்.

"சின்னவ என்னய மறந்துருவா" என்றாள். ஆபரேஷன் முடிந்த பதினைந்தாம் நாள் நாற்பத்தோரு படியும் ஏறி, மூச்சு வாங்கக் கையை நீட்டினாள். டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

துறைமுகத்தில்தான் எங்கள் புத்திசாலித்தனம் தெரிந்தது. மாடிப்படி ஆடாது, கப்பல் ஏணி ஆடும். இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஏற முடியும். தலையணையைப் பிடிக்கக் கை ஏது? என் துண்டால் அதை வயிற்றோடு கட்டி மேலே சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஏணியடியில் நின்ற ஆபீசர் மறித்தார். "கித்னா மஹினா?" எத்தனை மாசம் என்று இந்தியில் கேட்டார். நிறைமாசக்காரிகளை அவர்கள் ஏற்றுவதில்லை.

"பச்சா நஹி சாப், தலகாணி!" என்று பிள்ளை இல்லை என்பதைத் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். அவர் நம்பவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் வாதாடவில்லை. திரும்பி நின்று துண்டை அவிழ்த்தாள், தலையணையை என் கையில் திணித்தாள், டாக்டர் கடுதாசியை அவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு வழிவிட்டார்.

"நான் பின்னாடி தாங்கிக்கிறேன்" என்றேன்.

"தாங்க வேணாம். எண்ணிக்கிட்டே வாங்க."

இருபத்தாறில் நின்றுவிட்டாள். பின்னாலிருந்து "ஜல்தி, ஜல்தி" என்று சத்தம் போட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரார் முன்னால் கெட்ட வார்த்தை பேசினேன். அவள் மறுபடி காலைத் தூக்கினாள். நாற்பத்தொன்றை நான் சத்தமாகவே சொன்னேன்.

வீட்டு வாசலில் பெரியவன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான். சின்னவள் வங்காளி அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை. குழந்தையைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ வராட்டி என்னடி," என்றாள். "நான் வந்துட்டேன்ல."